இரண்டு முறை கூப்பிட்டார்

பேளுக்குறிச்சிச் சந்தையில் நீங்கள் மூன்று பேரும் என்னை மறித்துக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். கிழவனுக்குத் திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை. உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி உங்களுக்குச் சொல்லலாம்.

வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி பிறந்ததும் நீங்கள் கடற்கரைக்குப் போகிறீர்கள். மீன்பிடிப் போட்டில் வேலை. கொல்லிமலையிலிருந்து முதலில் கடலுக்குப் போன ஆள் நான்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். உங்களில் மூத்தவன் கேட்டது இது.

"ஏனுங்க, அக்கரையில சண்டை நடந்தப்ப நீங்க வாயே தெறக்காம இருந்து போட்டைக் காப்பாத்துனீங்களாமா. அந்த ஐடியா எப்படீங்க வந்துச்சு?"

அப்படி ஒரு ஐடியா எனக்கு வரவில்லை. வாய் திறக்கவில்லை என்பது மட்டும் உண்மை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நம்பி நீங்கள் போட்டில் ஏறினால், உங்களால் ஒரு ஆள் சாவான். என்னால் ஒருவர் செத்தார்.

அவர்தான் எங்கள் டிரைவர்.

போட்டில் டிரைவர் என்றால் லாரி டிரைவர் மாதிரி நினைக்காதீர்கள். எங்கே வலை விடுவது, எப்போது இழுப்பது, எப்போது கரைக்குத் திரும்புவது, எல்லாம் அவர் சொல்வதுதான். முதலாளி கரையில் இருப்பார். கடலில் டிரைவருக்கு மேல் ஆள் கிடையாது.

நான் அங்கே போனது மீன் பிடிக்க அல்ல. நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனர். ராமநாதபுரம் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் மீன் ஏற்றப் போனோம். லாரிக்காரரோடு எனக்கு வாய்த் தகராறு. அவர் என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் ஐஸ் உடைக்கும் இடத்தில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் இவர் வந்து முன்னால் நின்றார். ஒல்லியான ஆள். கழுத்தில் சிலுவை. இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

"நீச்சல் தெரியுமாடா?"

"தெரியாதுங்க."

"நல்லதாப் போச்சு. போட்டை விட்டு ஓட மாட்டே. எந்த ஊரு?"

"கொல்லிமலைங்க."

"மலையா? சரி, மலை, வா. அந்த 'ங்க'வை மட்டும் கரையில வச்சிட்டு வா. வலை இழுக்கிறப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல."

அன்றிலிருந்து எனக்கு மலை என்பதுதான் பேர். என் சொந்தப் பேர் அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது.

அக்கரையில் சண்டை நடந்த காலம். எங்கள் கரையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. காற்று வாட்டமாக இருந்தால் வெடிச் சத்தம் கேட்கும். நடுவில் ஒரு கோடு உண்டு என்பார்கள். தண்ணீரில் கோடு தெரியாது. மீன் போனால் வலை போகும், வலை போனால் போட்டும் போகும். சண்டை போட்ட இரண்டு பக்கத்துக்காரர்களுடைய படகும் அங்கே ஓடும். எது யாருடையது என்று கிட்டே வரும்வரை தெரியாது. கிட்டே வந்த பிறகு தெரிந்து பிரயோசனம் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு நாள் வலை கனமாக வந்தது. நல்ல பாடு, நிறைய மீன் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தளத்தில் அவிழ்த்துக் கொட்டினோம். மீனோடு ஒரு துணிப் பெட்டி விழுந்தது. பூட்டுத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு தையல் மெஷின், தலை மட்டும். அப்புறம் பள்ளிக்கூடப் பை ஒன்று. உள்ளே நோட்டு. மை கரைந்து தாள் எல்லாம் நீலமாக இருந்தது. பேர் எழுதிய இடத்தில் ஒரே ஒரு கோடு மிச்சம்.

அக்கரையிலிருந்து தப்பி வந்த சனங்கள் ஏறிய படகு. எங்களுக்குக் கீழே எங்கோ அது கிடந்தது.

அந்தோணி என்று ஒருவர் எங்களோடு. டிரைவருக்கு அடுத்த மூத்தவர். அவர் தையல் மெஷினைக் கையால் தடவிப் பார்த்தார்.

"துடைச்சு எண்ணெய் போட்டா ஓடும்ணே."

டிரைவர் சொன்னார், "எல்லாத்தையும் தண்ணியில விடு."

"மெஷினையுமா?"

"மீனையும்."

"அண்ணே, இன்னைக்குப் பாடு முழுக்க இதுதான்ணே."

"இந்த மீன் எதைத் தின்னுச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா வச்சுக்க. உன் பிள்ளைக்குக் கொண்டு போய்க் கொடு."

அந்தோணிதான் முதல் கூடையைத் தூக்கினார். முழு மீனையும் கொட்டினோம். பள்ளிக்கூடப் பையை டிரைவர் எறியவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்தார். அது உடனே மூழ்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் பின்னாலேயே வந்தது.

கரையில் முதலாளி கத்தினார். டிரைவர் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. "வலை கிழிஞ்சுபோச்சு" என்றார். பிறகு வலையில் அவரே கத்தி வைத்ததை நான் பார்த்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆளைக் கடலில் விட்டுவிட்டு வந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவர் நம் மலைக்கு ஒரு தடவை வந்திருக்கிறார். சண்டை முற்றி, கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் போட்டுகள் கட்டிக் கிடந்தன. "உன் மலையைத்தான் பார்ப்போமே" என்று என்னோடு கிளம்பினார். புயலில் உட்கார்ந்து சோறு தின்கிற மனுஷன், நம் பஸ்ஸில் முப்பதாவது வளைவில் வாந்தி எடுத்தார். நான் முதல் நாள் போட்டில் வாந்தி எடுத்ததற்கு இது சரியாகப் போயிற்று என்று சொல்லி வாயைக் கொப்பளித்தார்.

திருப்புலி நாட்டில் எங்கள் ஊரில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் காலையில் கிழங்கு பிடுங்கப் போனோம். நான், அவர், என் மாமனார். நல்ல மஞ்சு. கையை நீட்டினால் விரல் தெரியாது. பாதி வேலையில் கீழே சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய்..."

டிரைவர் உடனே நிமிர்ந்து, "ஓய்! இங்க இருக்கோம்!" என்று பதில் கொடுத்தார்.

மாமனார் கையிலிருந்த களைக்கொத்து கீழே விழுந்தது.

"ஏனுங்க! என்னுங்க பண்ணிப்போட்டீங்க!"

"ஏன்? யாரோ கூப்பிட்டாங்கல்ல?"

"மஞ்சுல கூப்பிட்டா மொதக் கொரலுக்கும் ரெண்டாங் கொரலுக்கும் வாயே தெறக்கக் கூடாதுங்க. மனுசனா இருந்தா மூணாவது தடவையும் கூப்புடுவான். மத்ததெல்லாம் ரெண்டோட நின்னுக்கும். பதில் சொன்னவனை அது அடையாளம் வெச்சுக்கும்."

உங்களுக்கும் இது தெரியும். நம் ஊரில் பிறந்த எல்லோரையும் போல நானும் நடக்கப் பழகும்போதே இதையும் பழகினேன்.

டிரைவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை.

"மாமா, கடல்ல விழுந்தவனுக்கு மூணாவது தடவை கூப்பிட மூச்சு இருக்காது. முதல் தடவையே பதில் கொடுத்துடணும். அது பேயா இருந்தா இருந்துட்டுப் போகுது."

காத்திருந்தோம். மறுபடி குரல் வரவில்லை. ஆளும் வரவில்லை. மஞ்சு கலைந்த பிறகு நானும் மாமனாரும் சரிவில் இறங்கிப் பார்த்தோம். சாமைக் கொல்லை முழுக்கப் பனித்துளி அப்படியே நின்றது. ஒரு கால் பட்ட தடம் இல்லை. மாமனார் என் முகத்தைப் பார்த்தார். நான் டிரைவரிடம், "யாரோ வழிப்போக்கன்ணே, போயிட்டான்" என்று சொன்னேன்.

அடுத்த தையில் அது நடந்தது.

காலை ஏழு மணி இருக்கும். வலையை இழுத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். போட்டில் ஐந்து பேர். டிரைவர், அந்தோணி, நான், இன்னும் இரண்டு பேர். கடல்மேல் பனி இறங்கியிருந்தது. நம் மஞ்சு மாதிரியேதான், ஆனால் உப்பு ருசி. கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியவில்லை. திடீரென்று இஞ்சின் முக்கி நின்றது. வலைக் கயிறு ஒன்று நழுவி, அடியில் சுழலும் காத்தாடியில் சுற்றிக்கொண்டது. யாராவது கத்தியோடு கீழே இறங்கி அறுத்தால்தான் போட் நகரும். டிரைவர் யாரையும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றினார். இடுப்பில் கயிறு கட்டி அடுத்த முனையை என் கையில் கொடுத்தார்.

"மலை, நான் மேல வந்து சொல்ற வரைக்கும் இஞ்சினை யாரும் தொடக்கூடாது."

"சரிண்ணே."

பின்பக்கமாக இறங்கினார். மூழ்குவார், அறுப்பார், மூச்சுக்கு வருவார். நாலைந்து தடவை அப்படி. அப்போது பனிக்குள் எங்கோ வேறொரு இஞ்சின் சத்தம். மீன்பிடிப் போட்டின் சத்தம் இல்லை. அது டப் டப் என்று வரும். இது ஒரே இழுப்பாக வந்தது. அந்தோணி படுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்று பேரும் தளத்தில் குப்புறப் படுத்தார்கள். நான் கயிற்றோடு பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

கயிறு தளர்ந்தது. இழுத்தேன். லேசாக வந்தது. முனையில் ஆள் இல்லை. கயிறு அறுபடவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. காத்தாடியில் அந்தக் கயிறும் மாட்டாமல் இருக்க அவரே கழற்றியிருப்பார் என்று பிறகு புரிந்தது. அந்த நிமிஷம் புரியவில்லை. கையில் வெறும் கயிறு.

அப்போது, "மலை!" என்று குரல் வந்தது.

அவர் குரல். ஆனால் அவர் இறங்கியது பின்பக்கம். குரல் வந்தது முன்பக்கத்திலிருந்து. நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். போட்டும் திரும்பியிருக்கும். பனியில் சத்தம் இடம் மாறும். இவ்வளவும் இன்று எழுதத் தெரிகிறது. அன்று என் உடம்பு முழுக்கத் திருப்புலி நாட்டு மஞ்சு. அவருடைய கயிறு இங்கே காலியாக இருக்கிறது, அவருடைய குரல் அங்கே இருந்து வருகிறது. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன்.

அந்த இழுப்புச் சத்தம் குறைந்தது. அவர்களும் காது கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர் போட்டில் தட்டுவது மட்டும் கேட்டது. படுத்திருந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஓய் மலை...!"

இரண்டாவது. இன்னும் தள்ளி. இந்தத் தடவை குரலில் ஒரு கேள்வி இருந்தது. நான் இங்கேதான் இருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி.

மனசுக்குள் இரண்டு என்று எண்ணினேன். ஆமாம், எண்ணினேன்.

அந்த இஞ்சின் சத்தம் எழுந்தது. குரல் வந்த பக்கம் போனது. நாலைந்து வெடி. தகரத்தில் கல் எறிந்த மாதிரி. அப்புறம் சத்தம் தூரமாகிப் போய்விட்டது. யார் படகு என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது குரலுக்கு நான் ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

வெயில் ஏறிப் பனி விலகியது. சுற்றிலும் தண்ணீர் மட்டும். அந்தோணி இஞ்சினைப் போட்டார். உடனே பிடித்துக்கொண்டது. காத்தாடியில் ஒரு நூல் இல்லை. அவர் வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தார். மதியம்வரை சுற்றிச் சுற்றித் தேடினோம். மூன்றாம் நாள் வேறு போட்டுக்காரர்கள் ஒரு மணல் திட்டிலிருந்து அவரைக் கொண்டு வந்தார்கள். தோளுக்குக் கீழே குண்டு பட்ட காயம்.

கரையில் அந்தோணி எல்லோரிடமும் சொன்னார். "மலை மட்டும் அன்னைக்கு வாயைத் தொறந்திருந்தா, அவனுங்க எங்க மேல வந்திருப்பானுங்க. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனாலதான் நாங்க உசுரோட நிக்கிறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. டிரைவருடைய சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது மத்தவங்களைக் கொண்டு வந்து சேர்த்தியே" என்றார். அந்தக் கையை நான் உதறவில்லை.

ஆறு மாதத்தில் முதலாளி என்னையே அந்தப் போட்டுக்கு டிரைவர் ஆக்கினார். ஆபத்தில் பதறாத ஆள் என்று சொல்லிக் கொடுத்தார். ரிட்டையர் ஆகிற வரை அந்த வேலையில் இருந்தேன். என் பிள்ளைகள் படித்தது, மலையில் வீடு கட்டியது, எல்லாம் அந்த வேலையில்.

இப்போது கேளுங்கள். நான் முதல் குரலுக்கே "ஓ" என்று சொல்லியிருந்தால் அவர் இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்க மாட்டார். சத்தம் வந்த பக்கம் நீந்தியிருப்பார். இரண்டாவது குரலை வைத்துத்தான் சுட்டார்கள். நான் பதில் சொல்லியிருந்தால் எங்கள்மேல் வந்திருப்பார்களா? வந்திருக்கலாம். ஐந்து பேரும் செத்திருக்கலாம். அந்தோணி அப்படித்தான் நினைத்தார், நினைத்தபடியே காலமானார். ஆனால் நான் அந்தக் கணக்கைப் போட்டு வாயை மூடவில்லை. போட்டிருந்தால் அது என் தீர்மானம், சரியோ தப்போ. நான் தீர்மானமே பண்ணவில்லை. எங்கள் டிரைவரை நான் பேய் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

உங்கள் போட்டில் வயர்லெஸ் இருக்கும், செல்போன் இருக்கும், இடம் காட்டும் மெஷின் இருக்கும். தண்ணீரில் விழுந்தவனிடம் இதில் எதுவும் இருக்காது. அவனிடம் ஒரு குரல் இருக்கும். நம் ஊர்ப் பழக்கம் உங்கள் உடம்பில் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். போட்டில் ஏறும் முன்னால் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் உங்களில் சின்னவன், "நாங்களும் உங்களை மாதிரியே இருப்போமுங்க" என்றான். அதைக் கேட்ட பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அக்காவுக்குச் சொல்லாமல் உங்களுக்கு எப்படிச் சொல்வது? தை பிறந்து நான்காம் நாள் கிளம்பினேன்.

அக்கா மகளோடு இருக்கிறார். அதே தெரு, இப்போது மச்சு வீடு. தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "மலை, ரொம்ப மெலிஞ்சுட்டியே" என்றார். பகல் பதினொரு மணி. மகள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். இத்தனை வருஷம் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது.

அக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. முந்தானை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"ரெண்டு தடவைக்கா."

"ரெண்டு தடவையும் உன் பேரா?"

"ஆமாக்கா."

"என் பேரைச் சொல்லல."

"இல்லக்கா."

"பிள்ளை பேரையும்?"

"இல்லக்கா."

சுவரைப் பார்த்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது கேட்டார்.

"எப்படிக் கூப்பிட்டாரு?"

"அக்கா..."

"நீதானே கடைசியாக் கேட்டவன். எனக்கு அவர் குரல் மறந்துபோச்சு மலை. முகம் இருக்கு, போட்டோ இருக்கு. குரல் போயிருச்சு. எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிட்டுக் காட்டு."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"மலை!"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கட்டையா இருக்கும்."

மூச்சை இழுத்தேன். அந்தப் பனி, அந்தத் தண்ணீர், அந்தக் காலிக் கயிறு எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. என் குரல் மாதிரி இல்லாமல் ஒரு குரல் வெளியே வந்தது.

"ஓய் மலை...!"

கண்ணைத் திறந்தேன். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் வாயை மூடியிருந்தது.

பின்கட்டில் துணி அடிக்கும் சத்தம் நின்றது. மகள் ஈரக் கையோடு ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பா சாகும்போது அவள் பேச்சு வராத கைக்குழந்தை. அவர் குரல் அவளுக்குத் தெரிய வழியில்லை.

"யாரும்மா வந்திருக்காங்க?"

"யாருமில்ல கண்ணு. மலை மாமாதான்."

"அவர் இல்லம்மா. இப்பக் கூப்பிட்டது யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், திறந்து கிடந்த தெருக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்தார். நான் திரும்பவில்லை.